கை எட்டாத இடம்

துவைக்க எடுத்த புருஷன் சட்டையை முகர்ந்து பார்த்த வெரோனிகா கிணற்றடியில் அப்படியே நின்றுவிட்டாள். புங்க எண்ணெய். சந்தேகமே இல்லை, அந்தக் கசப்பு நெடி வேறு எந்த எண்ணெய்க்கும் கிடையாது. அவள் காய்ச்சுகிற தைலத்தில் புங்க எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சேராது. தேங்காய் எண்ணெய், குப்பைமேனிச் சாறு, மஞ்சள், கார்போக அரிசி, ஒரு சிட்டிகை கந்தகம், அவ்வளவுதான். அப்படியிருக்க இந்த மனுஷன் சட்டையில் இது எப்படி வந்தது?

கையிலோ காலரிலோ இருந்தால், எங்கோ பட்டுவிட்டது என்று விட்டுவிடலாம். கறை இருந்தது முதுகின் நட்டநடுவில், இரண்டு தோள்பட்டைக்கும் இடையில், உள்ளங்கை அகலத்துக்கு. அவரவர் கையால் அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள முடியுமா? நீங்களே முயன்று பாருங்கள், கை எட்டாது. அங்கே தேய்க்க இன்னொரு கை வேண்டும்.

அந்த இன்னொரு கை இருபத்திரண்டு வருஷமாக வெரோனிகாவின் கையாகத்தான் இருந்து வந்திருக்கிறது.

அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் சாந்தோமில் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே மகளைக் கடலூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இவர்கள் இரண்டு பேர், ஜிம்மி என்று ஒரு கறுப்பு நாய். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. துணிக்கும் ரேஷன், அரிசிக்கும் ரேஷன். ஆனால் சொறி சிரங்குக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், முக்காட்டை எடுக்காமலே பெண்கள் நேராக வெரோனிகாவின் பின்வாசலுக்கு வந்துவிடுவார்கள். பிள்ளையின் தொடைச் சிரங்கு, மாமியாரின் படை, ஆட்டுக்குட்டியின் சொறி, ஒரு தடவை ஜட்கா வண்டிக் குதிரைகூட வந்து நின்றது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அந்தச் சந்தில் சாமியாருக்கு அடுத்தபடி அவள்தான்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வருவதற்குள்ளேயே சந்து முழுக்க ஒரு புது அரிப்பு கிளம்பிற்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி. நெஞ்சில் கொஞ்சம், முதுகில் நிறைய. தைலம் தேய்த்தால் ஒரு நாள் அடங்கும், மறுநாள் ஆரம்பித்துவிடும். வெரோனிகாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது, அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பத்தியம் இருக்கமாட்டேன் என்கிறார்கள். கருவாடும் கத்திரிக்காயும் தின்றால் எந்த மருந்து கேட்கும்? வந்தவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தாள். சந்தே நாலு மாதமாகக் கருவாட்டை மறந்து, சோற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது.

புருஷன் முதுகிலும் அதே அரிப்பு. அவள் வீட்டில் கருவாடு என்ற பேச்சே இல்லை. பிறகு ஏன் குணமாகவில்லை? வேறு எங்கேயோ தின்கிறான் மனுஷன் என்று அவளுக்கு முதலிலிருந்தே ஒரு நினைப்பு. இப்போது புங்க எண்ணெய் வேறு. எங்கே தின்கிறான் என்பது போய், எவள் கையால் என்ற இடத்துக்கு நினைப்பு தாவிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கும் முதுகில் அரித்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து கதவு நிலையில் தேய்த்துக்கொள்வாள். யாராவது வந்துவிட்டால் "வேர்க்குரு" என்பாள். வைத்தியம் பார்க்கிறவளுக்கே அரிக்கிறது என்று தெரிந்தால் எவள் பின்வாசலுக்கு வருவாள்?

அன்று சாயங்காலம் தைலக் கிண்ணத்தோடு போய் நின்றாள். ஸ்தனிஸ்லாஸ் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சட்டையைக் கழட்டுங்க. தைலம் தேய்க்கணும்."

"இன்னைக்கு வேணாம் வெரோனி. அரிப்பு அவ்வளவா இல்ல."

இரண்டு மூன்று வாரமாகத் தூக்கம் வருகிறது, நோட்டுத் திருத்த வேண்டும் என்று சாக்குச் சொல்லி முதுகைக் காட்டாமல் இருந்தார், ஆனால் அரிப்பு இல்லை என்ற வார்த்தை நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவள் நகரவில்லை. அவர் வேறு வழியில்லாமல் சட்டையைக் கழற்றினார். முதுகு தெளிந்திருந்தது. சிவந்து தடித்து, நகம் பட்டுக் கீறியிருந்த இடம் வாடி, தோல் மினுமினுவென்று இருந்தது. குணமாகிவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு மாதம் பாடுபட்டும் தன்னால் முடியாததை எவளோ செய்துவிட்டாள் என்பதுதான் முதலில் உறைத்தது.

பிறகுதான் உத்தரியத்தைப் பார்த்தாள்.

உத்தரியம் என்றால் பழுப்புக் கம்பளியில் தீப்பெட்டி அளவு இரண்டு துண்டு, இரண்டையும் சேர்க்க இரண்டு கயிறு. தலை வழியாக மாட்டிக்கொண்டால் ஒரு துண்டு நெஞ்சில் கிடக்கும், ஒன்று முதுகில். கார்மேல் மாதா பேரைச் சொல்லிச் சாமியார் மந்திரித்துக் கொடுத்து ஒரு தடவை கழுத்தில் ஏறிவிட்டால், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை, தூங்கும்போதும் கழற்றுவதில்லை. அதைப் போட்டபடி சாகிறவனை மாதா கைவிடமாட்டாள் என்பது நம்பிக்கை. கழற்றி வைத்த அந்த ஐந்து நிமிஷத்தில் செத்துத் தொலைத்தால் என்ன ஆவது என்பது பயம்.

சந்தில் எல்லோருடைய உத்தரியமும் சண்டைக் காலத்தில் நைந்துபோயிருந்தது. முன்பு கன்னியர் மடத்திலிருந்து வந்த மெல்லிய கம்பளி நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. தவக்காலம் தொடங்கும்போது வெரோனிகாதான் பழைய பட்டாளத்துக் கம்பளி ஒன்றைப் பிடித்து, சாயம் ஏற்றி, நாற்பது உத்தரியம் தைத்துக் கொடுத்தாள். தையலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மிச்சமிருந்த கம்பளியை நாடாவாக வெட்டி, ஆரோக்கியநாதர் படம் பொறித்த சின்னச் சுரூபம் ஒன்றைக் கோத்து ஜிம்மி கழுத்திலும் கட்டிவிட்டாள். ஆரோக்கியநாதர் காலடியில் நாய் நிற்குமே, அவர் நாயையும் பார்த்துக்கொள்வார் என்று ஒரு எண்ணம்.

இப்போது புருஷன் முதுகில் கிடந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். உட்புறம் பழைய வேட்டித் துணியில் ஒரு வெள்ளை ஒட்டு. கோணல்மாணலாக, பெரிது பெரிதாகத் தையல். கயிற்றில் அவள் போடுகிற மூன்று முடிச்சு இல்லை, படகுக்காரன் போடுவது மாதிரி ஒரே ஒரு முரட்டு முடிச்சு.

"இது என்ன?"

"கயிறு அந்துபோச்சு. நானே கட்டிக்கிட்டேன்."

"துணி வச்சுத் தச்சிருக்கே?"

"அதுவும் நான்தான். பள்ளிக்கூடத்துல ஊசி நூல் இருந்துச்சு."

ஸ்தனிஸ்லாஸுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. ஊசியில் நூல் கோர்ப்பதற்கே கண்ணாடியைத் தேடுவார். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தான் தைத்து, கோயிலில் மந்திரித்து, தன் கையால் கழுத்தில் போட்ட உத்தரியத்தை எவளோ கழற்றியிருக்கிறாள். கழற்றியதோடு நிற்காமல் அதில் ஊசியும் ஏற்றியிருக்கிறாள். அன்று ராத்திரி குழம்பில் உப்பு இரண்டு பங்காக விழுந்தது. வாத்தியார் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் எல்லோரும் போன பிறகும் அடுத்த வீட்டு லூயிசா போகவில்லை. வாய்க்குள் ஒரு சங்கதியை வைத்துக்கொண்டு அவளால் அரை நாள் இருக்க முடியாது. ஒரு ராத்திரி முழுக்க எப்படி இருந்தாளோ.

"வெரோனிகா, தப்பா எடுத்துக்காத. நேத்து அடையாத்துப் பாலத்துகிட்ட என் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். ஆத்தங்கரையில உங்க வாத்தியார் சட்டையில்லாம உக்காந்திருக்காரு. பின்னாடி ஒரு பொம்பளை நின்னுக்கிட்டு முதுகுல எண்ணெய் தேய்க்கிறா."

"யாரு?"

"பங்களா நாய்ங்களையெல்லாம் குளிப்பாட்டுவாளே, தேவானைன்னு, அவதான். அவ தேய்க்கிறா, வாத்தியார் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு."

"நான்தான் அனுப்பினேன் லூயிசாக்கா. நாய்க்கு மருந்து வாங்கிட்டு வரச் சொல்லி."

"அப்படியா. நாய்க்குத்தானா," என்று சொல்லிக்கொண்டே லூயிசா போனாள்.

கண்ணை மூடிக்கொண்டு. வெரோனிகாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் தேய்க்கும்போது அவர் பேப்பர் படிப்பார். சில நாள் பையன்களின் நோட்டுத் திருத்துவார். "சீக்கிரம் ஆகட்டும்" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை. அப்படியென்ன கை அது?

இரண்டு நாள் பொறுத்தாள். செவ்வாய்க்கிழமை அவர் பள்ளிக்கூடம் போனதும், நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாயை அழைத்துப் போகவில்லை. அவர் போகிற இடமெல்லாம் ஜிம்மியும் போகும், நாயைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். வெயிலில் சாந்தோமிலிருந்து ஆற்றங்கரைவரை நடந்தாள். வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனாள். உனக்குப் புருஷன் இல்லையா என்று ஆரம்பித்து அது எங்கெங்கோ போயிற்று.

குடிசைகளைத் தாண்டி, தண்ணீர் ஓரமாக, ஒரு பெரிய பங்களா நாயை நிறுத்தி வைத்து ஒருத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். வெரோனிகா மனசில் வரைந்து வைத்திருந்த ஆள் இல்லை. தன் வயசுதான் இருக்கும். கட்டை குட்டையான உடம்பு, முட்டிக்கு மேலே செருகிய ஈரப்புடவை, முன் பல் ஒன்று காணோம். அப்பாடா என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. பிறகு நாயைப் பார்த்தாள். கன்றுக்குட்டி உயரத்துக்கு இருந்த அந்த நாய் அவள் கைக்கு அடங்கி, கண்ணைச் சொக்கி மூடிக்கொண்டு நின்றது. வந்த நிம்மதி போய்விட்டது.

"இன்னாம்மா, யாரு வோணும்?" என்றாள் தேவானை.

"அரிப்புக்கு மருந்து குடுப்பியாமே."

"யாருக்கு, நாய்க்கா?"

"எனக்குத்தான். முதுகுல."

"அப்டி குந்துங்க. இத்த முடிச்சிட்டு வரேன். பாதில உட்டா உதறி எல்லாத்தையும் நாஸ்தி பண்ணிடும்."

வெரோனிகா கவிழ்த்து வைத்திருந்த தொட்டிமேல் உட்கார்ந்தாள். நாக்கு நமநமவென்றது. "மனுஷங்களுக்கும் பாப்பியா? ஆம்பளைங்களுக்குக்கூட எண்ணெய் தேய்ச்சு விடுவேன்னு சொன்னாங்க."

"அய்ய, அதெல்லாம் இல்லம்மா. ஒரே ஒரு ஆளுக்குத்தான். சாந்தோம் வாத்தியாரு ஒர்த்தர் நாயக் கூட்டிகினு வந்தாரு. கய்த்துல முடியே இல்ல, ஒரே புண்ணு. இன்னாடான்னு பாத்தா கம்பளி நாடா கட்டிக்கீது. இந்த வெயில்ல எவனாவது நாய்க்குக் கம்பளி கட்டுவானா? அதும் பட்டாளத்துக் கம்பளி. முள்ளு மாரி குத்திகினே கீது, ஈரம் பட்டா காயறதேயில்ல. அறுத்துப் போட்டேன். வேப்பெல தண்ணி வச்சி கய்வி, புங்கெண்ண தடவி உட்டேன். பத்தே நாளு, முடி மொளச்சிச்சி."

வெரோனிகா தன் கையைத் தன் மடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜிம்மியின் நாடா காணாமல் போனதை அவள் கவனித்திருந்தாள். கடற்கரையில் எங்கோ அவிழ்ந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் பாத்தா, அந்த மனுசன் தோ அந்தத் தென்னமரத்துல முதுகத் தேய்ச்சிகினு நிக்கறாரு. சட்டையக் கயட்டுய்யான்னேன். அதே கம்பளி, முதுகுல ஒண்ணு, நெஞ்சில ஒண்ணு. எங்கங்க துணி படுதோ அங்கங்க புண்ணு. எறக்கி வைய்யான்னா மாட்டேன்றாரு. மூணு வாரம் என்னைப் பேஜார் பண்ணாரு."

"சாமி உத்தரியம். கழட்டக் கூடாது இல்ல."

"அதான் சொன்னாரு. ஆனா அது பெருசில்லம்மா." தேவானை நாயின் காதைத் தூக்கித் துடைத்தாள். "அவரு சம்சாரம் தச்சதாம். ஊருக்கே அந்தம்மாதான் தச்சிக் குட்த்துச்சாம். ஊருக்கே அரிப்புக்கு மருந்து குடுக்கறதும் அந்தம்மாதானாம். 'அவ தச்சதாலதான் எல்லாருக்கும் அரிக்குதுன்னு நான் எப்படி அவகிட்ட சொல்லுவேன் தேவானை, அவ உடைஞ்சு போயிடுவா'ன்னு கேக்கறாரு. கண்ணுல தண்ணி வச்சிகினாரு பாவம்."

வெரோனிகா எண்ணிப் பார்த்தாள். நாற்பது உத்தரியம், நாற்பது முதுகு. பிள்ளைகளின் முதுகும் அதில் உண்டு. தானே முள்ளைக் கட்டிவிட்டு, தானே தைலம் தடவி, கருவாடு தின்றாயா என்று ஊரைத் திட்டியிருக்கிறாள். வெட்கத்தில் செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்கூட அவளைச் சுட்டது அது இல்லை. அவர் இந்தப் பொம்பளையின் முன்னால் அழுதிருக்கிறார். தேவானை என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லி அழுதிருக்கிறார். வீட்டில் வந்து பேப்பர் படித்திருக்கிறார்.

"கடைசில நான்தான் ஒரு வயி சொன்னேன். கயட்டிப் போட வேணாம்யா, நல்லா அவிச்சி, காயவச்சி, பின்னால மெத்துன்னு துணி வச்சித் தச்சி மாட்டிக்கோன்னேன். அதுக்கு ஒத்துகினாரு, நானே தச்சிக் குட்த்தேன். துணி காயறதுக்குள்ள ஜபம் பண்ணிகினே குந்தினுருந்தாரு, பாவம், பயம். அதுலேந்து வாராவாரம் வந்து எண்ண தேச்சிகினு போறாரு. சரி, திரும்பிக் குந்துங்க. எந்த எடம்?"

வெரோனிகா எழுந்து போயிருக்கலாம். திரும்பி உட்கார்ந்தாள். ரவிக்கையின் பின்கழுத்தைத் தளர்த்திய ஈரக்கை சட்டென்று நின்றது. அதே மாதிரிப் பழுப்புத் துண்டைத் தேவானை ஏற்கெனவே ஒரு தடவை கையில் எடுத்துத் தைத்தவள் அல்லவா.

தேவானை கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா நீங்கதானா," என்றாள் தேவானை மெதுவாக. "தப்பா நெனைச்சிக்காதீங்கம்மா. நாய்க்குத் தேச்ச கையோட அவருக்கும் தேச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

ஆத்திரப்படுவதா, சிரிப்பதா என்று வெரோனிகாவுக்குப் புரியவில்லை. வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த கேள்வியில் ஒன்றுகூட வாயில் இல்லை.

"குடுங்க, இத்தயும் அவிச்சித் தரேன். தோலு கன்னிப் போய்க்கீது. எப்படித்தான் பொறுத்தீங்களோ."

"வேணாம். நானே செஞ்சுக்கறேன்."

எழுந்து வந்துவிட்டாள். நல்லது செய்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டபடியே தன் உத்தரியத்தைக் கழற்றி வேப்பிலை போட்டு அவித்தாள். அது காய்கிறவரை, செத்துவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லிய மல் துணியில் ஒட்டு வைத்துத் தைத்தாள். கண்ணுக்கே தெரியாத தையல். சாயங்காலம் அவர் வந்ததும் கையை நீட்டினாள்.

"உங்க உத்தரியத்தைக் குடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எங்கே போனாய், யார் சொன்னார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்தார். தேவானையின் கோணல் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, வேட்டித் துணியை அடுப்பில் போட்டுவிட்டு, தன் மல் துணியை வைத்துத் தைத்து, மூன்று முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பொச்சரிப்பு என்று நீங்கள் சொன்னால், ஆமாம், பொச்சரிப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் நிறைந்திருந்தது. வெரோனிகா தைலச் சட்டியை வெளியே எடுக்கவே இல்லை. வாசற்படியில் நின்றபடி சொன்னாள்.

"இன்னைக்கு மருந்து கிடையாது. வீட்டுக்குப் போய் எல்லாரும் உத்தரியத்தை வேப்பிலைத் தண்ணியில நல்லா அவிச்சு வெயில்ல காயப் போடுங்க. பின்னால பழைய துணி வச்சுத் தச்சு மாட்டிக்குங்க. நான் தச்ச கம்பளிதான் குத்துது. என் தப்பு."

ஒருத்தி தன் பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். இன்னொருத்தி கழற்றினால் பாவமில்லையா என்றாள். சாமியாரிடம் கேட்டாயிற்று, துவைத்துப் போட்டால் பாவமில்லை என்று சொல்லிவிட்டார் என்றாள் வெரோனிகா. லூயிசாதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"நாலு மாசம் கருவாடு இல்லாம இருந்தோமே வெரோனிகா. போகட்டும். இதை உனக்கு யாரு சொன்னது?"

உள்ளே நாற்காலியில் ஸ்தனிஸ்லாஸ் இருந்தார். பேப்பர் திரும்பும் சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டது. 'எனக்கே தோணிச்சு' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் யார் கண்டார்கள்? போன மானத்தில் பாதியாவது திரும்பி வரும். உள்ளேயிருந்து அவர் எழுந்து வந்து, ஆமாம், வெரோனிகாதான் கண்டுபிடித்தாள் என்று சாட்சியும் சொல்வார். நிச்சயம் சொல்வார். அதை நினைத்ததும் அவளுக்குக் கசந்து வந்தது. அவள் மனசு நோகக் கூடாது என்று அவர் சொன்ன பொய்யெல்லாம் போதும்.

"ஆத்தங்கரை தேவானைதான் சொன்னா," என்றாள்.

"யாரு, அந்த நாய்க்காரியா?"

"அவதான். எங்க வீட்டுக்காரர் முதுகைச் சரியாக்கினதும் அவதான். எனக்குத் தெரியல, அவளுக்குத் தெரிஞ்சுது."

அந்தப் பேரைச் சொல்வது பல் பிடுங்குவது மாதிரித்தான் இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அடுத்த ஞாயிறு யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அரிப்பு நின்றுவிடும், அதனால் வரமாட்டார்கள். இனி ஒரு சிரங்கோ படையோ வந்தால் பாலத்துப் பக்கம் போய்விடுவார்கள், அதனாலும் வரமாட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஸ்தனிஸ்லாஸ் பேப்பரை எடுக்கவில்லை. தைலக் கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அரிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாத்தான்."

அவள் கிண்ணத்தைத் தொடவில்லை. "அவகிட்ட போய் அழுதீங்களாமே."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செத்தா போயிருப்பேன்?"

"நீ தைக்கறதையே விட்டிருப்ப. மருந்து குடுக்கறதையும் விட்டிருப்ப. அதான் சொல்லல."

"முடிவு செய்ய நீங்க யாரு? நோவுதோ வலிக்குதோ, அது என் மனசு." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "இனிமே எங்கிட்ட பொய் சொல்லக் கூடாது. நல்லதுக்குன்னாலும் கூடாது. உத்தரியத்தைத் தொட்டுச் சொல்லுங்க."

அவர் நெஞ்சில் கிடந்த துண்டின்மேல் கையை வைத்தார். "சொல்லமாட்டேன்."

அவள் எண்ணெயைத் தொட்டு முதுகில் வைத்தாள். தோள்பட்டைக்கு நடுவே, கை எட்டாத அந்த இடத்தில், மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள். புண் ஆறிய தோல் வழுவழுவென்று இருந்தது. தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்தாள். மூடிக்கொண்டுதான் இருந்தார். ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்திருந்தது கொஞ்சம் இளகிற்று. அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"அவ கை எப்படி இருந்துச்சு?"

ஒரு பையன் கேட்ட கணக்கை யோசிப்பதுபோல அவர் நிதானமாக யோசித்தார். "கொஞ்சம் சொரசொரப்பு. ஆனா அவ அவசரப்படல. சுகமா இருந்துச்சு."

"என் கையைவிடவா?"

அவர் கண்ணைத் திறந்தார். கை தானாக உத்தரியத்துக்குப் போயிற்று.

"ஆமா வெரோனி," என்றார்.

அவள் கை நின்றது, பிறகு மறுபடி தேய்த்தது. இந்த ஒன்றுக்காவது அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.